அனாமத்துக் கணக்கு

பி.காம். படித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு நடுக்கம் உண்டு. பரீட்சை முடியப் பத்து நிமிஷம் இருக்கும். இருப்பாய்வு போட்டு முடித்திருப்போம். பற்றுப் பக்கம் கூட்டினால் ஒரு தொகை. வரவுப் பக்கம் கூட்டினால் இன்னொரு தொகை. 450 ரூபாய் உதைக்கும்! எங்கே விட்டோம் என்று தேட நேரமில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதாவது ஓர் எண்ணைத் திருத்தி, இரண்டு பக்கத்தையும் சமமாக்கி, அடியில் ரெட்டைக் கோடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.

எங்கள் வாத்தியாருக்கு இது தெரியும். வகுப்பில் சொல்வார்: "டேலி ஆகலைன்னா ஆகலைன்னு எழுதுங்கடா, ஒண்ணும் குடிமுழுகிடாது. வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்குல வை. பொறுமையா தேடு. தப்பு கெடைச்சதும் அங்கேருந்து எடுத்து, சேர வேண்டிய எடத்துல சேரு. ஆனா, இல்லாத டேலியை இருக்குற மாதிரி மட்டும் காட்டாத!"

அன்றைக்கு எனக்கு அது வெறும் 2 மார்க் கேள்வி. 25 வருஷம் கழித்து, போன மார்கழியில், திருநகரில் என் அக்கா வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது.

திருநகரைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக... பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் போகிற ரோட்டில், திருப்பரங்குன்றம் தாண்டியதும் வருகிற இடம். மொட்டை மாடிக்குப் போனால் குன்றம் தெரியும். இங்கே தெருப் பெயரெல்லாம் தபால்காரருக்குத்தான். மற்றவர்களுக்கு ஸ்டாப் நம்பர்தான் விலாசம். "ரெண்டாவது ஸ்டாப்பா, மூணாவது ஸ்டாப்பா?" என்றுதான் கேட்பார்கள்.

அக்கா டெய்லர். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருடைய அளவு அவள் நோட்டில் இருக்கிறது. அப்படிப்பட்டவள் தன் அளவை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

போன புரட்டாசியில் குளிக்கும்போது இடது மார்பில் கொண்டைக்கடலை மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டிருக்கிறது. பக்கத்து விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்களுக்குக் கொலு சீசன் எப்படியோ, அப்படி அக்காவுக்குத் தீபாவளி சீசன். வாங்கிய துணியைத் தைத்துக் கொடுக்க வேண்டும். 'முடியட்டும், பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டாள். தீபாவளி முடிந்தது. கார்த்திகை வந்தது. 'தீபம் முடியட்டும்.' இப்படியே இரண்டரை மாசம்! ஒரு நாள் ராத்திரி சென்னையிலிருக்கிற எனக்கு போன் வந்தது.

"டேய், மாமாகிட்ட சொல்லாத. அம்மாகிட்டயும் சொல்லாத. எனக்கு எடது பக்கம் ஒரு கட்டி இருக்கு."

"வலிக்குதா?"

"வலிக்கலடா. அதான் இத்தன நாள் விட்டுட்டேன்."

இந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மார்பில் வருகிற கட்டி, ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால் ஆபத்தில்லை என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

அடுத்த ஒரு வாரத்தில் தாள்கள் வரத் தொடங்கின. வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் என்றைக்காவது இந்தத் தாள்கள் வரலாம். அன்றைக்கு உங்கள் கை, என் கை நடுங்கிய அளவுக்கு நடுங்கக்கூடாது.

முதல் தாள், மேமோகிராம். அதில் 'பைராட்ஸ் 4சி' என்று இருந்தது. மார்புப் படங்களுக்கு 0 முதல் 6 வரை இப்படி ஓர் எண் போடுகிறார்கள். 4 என்றால் சந்தேகம் என்று அர்த்தம். புற்றுநோயாக இருக்க 2 சதவீதம் முதல் 95 சதவீதம் வரை வாய்ப்பு! எந்த பேங்க்காவது இப்படி வட்டி விகிதம் சொன்னால் நாம் சும்மா விடுவோமா? அதனால்தான் அதையே ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சி என்றால் 50-க்கு மேல்.

இரண்டாவது தாள், ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்சி. புற்றுநோய்தான் என்று அது சொல்லிவிட்டது. கட்டி 2.6 சென்டிமீட்டர். ஹார்மோன் ஏற்பிகள் பாசிட்டிவ். அதுவரை தெளிவு. கடைசி வரியில் 'ஹெர்-2: 2 பிளஸ்' என்று இருந்தது. ஹெர்-2 என்பது புற்று செல்களை வேகமாக வளரச் செய்கிற ஒரு புரதம். 0, 1 பிளஸ் என்றால் நெகட்டிவ். 3 பிளஸ் என்றால் பாசிட்டிவ். இரண்டு? இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது. 'ஃபிஷ்' என்கிற இன்னொரு பரிசோதனை செய்து, ஜீனையே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மா இதைக் காதில் வாங்கிவிட்டு, "மீன் டெஸ்ட்டா? மீன் தின்னதாலயாடா வந்துச்சு?" என்று கேட்டாள். அந்த நிலைமையிலும் எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாவது தாள், அக்குளில் இருந்த நெறி. ஸ்கேனில் ஒரு நெறி கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். 'போதிய செல்கள் கிடைக்கவில்லை' என்று வந்தது. நோய் அங்கே போயிருக்கிறதா, இல்லையா? தெரியாது.

ஆக, ஒன்று தெரியும், இரண்டு தெரியாது. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். உதைக்கிறது!

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. முதலில் காட்டிய மருத்துவமனையில், "நாளன்னைக்குக் காலைல வாங்க. முழுசா எடுத்துட்டு, அக்குளையும் சுத்தம் பண்ணிடலாம்" என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அதுதான் சரியாகப் பட்டது. "எடுக்கச் சொல்லுங்க. வழிச்சு எடுத்துரச் சொல்லுங்க. உள்ள ஒரு பொட்டு இருக்கக்கூடாது." மாமா பேசவே இல்லை. பணத்துக்கு யாரைக் கேட்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

அக்கம்பக்கத்தில் எப்படியோ விஷயம் கசிந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "எத்தனாவது ஸ்டேஜாம்?"

அக்கா என்னிடம் சொன்னாள்: "ஸ்டாப்பு கேக்குற மாதிரியே கேக்குறாங்கடா. நானும் நாலாவதுக்கு முன்னாடியே எறங்கிருவேன்னு சொல்லிட்டிருக்கேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? படித்தவன், பத்திரிகைக்காரன், நாலு இடம் போய் வந்தவன்... நானும் அம்மா கட்சிதான். "நாளன்னைக்கே முடிச்சிரலாம்க்கா. நிம்மதியாப் போயிரும்" என்றேன். நிம்மதி யாருக்கு என்று யோசிக்கவில்லை. கையில் இருக்கிற எண்ணைத் திருத்தி, ரெட்டைக் கோடு போட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா ஒரு கேள்வி கேட்டாள். "அக்குளைச் சுத்தம் பண்ணா, என் கை என்னாகும்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு டீச்சரம்மா வருவாங்க. திடீர்னு ஒரு நாள் வந்து, எடது கையை மட்டும் மூணு இஞ்ச் பெருசா வச்சுத் தைங்கன்னாங்க. அக்குள்ல நெறி பூரா எடுத்துட்டாங்களாம். கை வீங்கிருச்சு. பெறகு வடியவே இல்ல. சாக்பீஸ் பிடிச்சு எழுத வலது கை இருந்துச்சு, அவங்களுக்குப் பொழப்பு ஓடுச்சு. எனக்குத் துணியைத் தள்ளுறதே எடது கைடா. மார் போனா போகுது. கை வேணும்."

நாங்கள் எல்லோரும் மார்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். நோய் அவளுக்குத்தானே வந்திருக்கிறது!

அந்தக் கேள்விக்காகத்தான் இன்னொரு மருத்துவமனைக்கு, இன்னொரு சர்ஜனிடம் போனோம். ஐம்பது வயசு இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. மூன்று தாளையும் நிதானமாகப் படித்தார். ஒரு காகிதத்தின் பின்பக்கம் படம் வரைந்தார்.

"ரெண்டு விஷயம் நமக்கு இன்னும் தெரியல. ஹெர்-2 பாசிட்டிவ்னு வந்தா, இந்த சைஸ் கட்டிக்கு மருந்து முதல்ல, ஆபரேஷன் பெறகு. நெகட்டிவ்னு வந்தா ஆபரேஷன் முதல்ல. வரிசையே மாறுது. நெறியில நோய் இருக்குன்னு உறுதியானா ஒரு ஆபரேஷன், இல்லைன்னா வேற ஆபரேஷன். இதெல்லாம் தெரியாம எதுக்கு நாளன்னைக்கே கத்தியைத் தூக்கணும்?"

மாமா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அதுக்குள்ள பரவிடாதுங்களா டாக்டர்?"

"இது நேத்து ராத்திரி வந்ததில்லீங்க. கைக்குத் தட்டுப்படுற அளவுக்கு வளரவே ரொம்ப காலம் ஆகியிருக்கும். டெஸ்ட்டுக்காகப் பத்து, பதினஞ்சு நாள் காத்திருக்கலாம். பயந்துக்கிட்டு மாசக்கணக்குல வீட்டுல இருக்கறதுதான் கூடாது." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

ஃபிஷ்ஷுக்கு அனுப்பினார்கள். நெறியில் மறுபடி, இந்த முறை கொஞ்சம் தடித்த ஊசி போட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். பிறகு, காத்திருப்பு.

காத்திருக்கிற நேரத்தில் பத்திரிகைக்காரன் என்ன செய்வான்? படிப்பான். படிக்கப் படிக்கத்தான் ஒரு விஷயம் உறைத்தது. நாங்கள் சலித்துக்கொண்ட அந்தப் பத்து நாள், ஒரு காலத்தில் எந்தப் பெண்ணுக்கும் கொடுக்கப்படாத பத்து நாள்!

அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு. 1974 செப்டம்பர் 28-ல் அவருக்கு மார்பில் ஆபரேஷன். அந்தக் காலத்து வழக்கப்படி முதலில் மயக்கம் கொடுத்துவிடுவார்கள். கட்டியை எடுத்து, உறைய வைத்து, அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுநோய் என்றால் எழுப்பிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்கள். மயக்கத்துக்குப் போகும்போது ஒரு பெண்ணுக்கு, கண் விழிக்கையில் மார்பு இருக்குமா, இருக்காதா என்று தெரியாது. நாட்டின் முதல் பெண்மணிக்கே அதுதான் கதி.

அதே வருஷம், அதே நாட்டில், ரோஸ் குஷ்னர் என்று ஒரு பத்திரிகையாளர். அவருக்கும் மார்பில் கட்டி. "கட்டியை மட்டும் எடுத்துப் பாருங்கள். பிறகு என்னை எழுப்புங்கள். அடுத்து என்ன என்பதை நான் யோசித்துச் சொல்கிறேன்" என்றார். கேட்ட சர்ஜன்கள் ஒருவர் பின் ஒருவராக மறுத்தார்கள். விடாமல் தேடி, ஒத்துக்கொள்கிற ஒருவரைக் கண்டுபிடித்தார். 1975-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். பரிசோதனை வேறு, ஆபரேஷன் வேறு, இரண்டுக்கும் நடுவே யோசிக்க அவகாசம் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது.

அக்காவின் கைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1880-களில் ஹால்ஸ்டெட் என்கிற அமெரிக்க சர்ஜன் ஒரு முறையை ஆரம்பித்தார். மார்பு, அதன் கீழிருக்கும் நெஞ்சுத் தசை, அக்குள் நெறி, எல்லாவற்றையும் ஒன்றாக எடுப்பது. எங்கள் அம்மா சொன்ன அதே 'வழித்து எடுக்கிற' வைத்தியம்! கிட்டத்தட்ட 80 வருஷம் உலகம் பூரா இதுதான். பிழைத்தவர்கள் பலருக்குத் தோள் தூக்க முடியவில்லை, கை வீங்கியது. "இவ்வளவு வெட்டத்தான் வேண்டுமா?" என்று பெர்னார்டு ஃபிஷர் என்கிற சர்ஜன் கேட்டார். வாயால் வாதாடாமல், 1971-ல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1,600-க்கும் மேற்பட்ட பெண்கள். அதிகம் வெட்டியவர்கள் ஒரு பக்கம், குறைவாக வெட்டியவர்கள் ஒரு பக்கம். 25 வருஷம் தொடர்ந்து கவனித்து, 2002-ல் முடிவைச் சொன்னார்கள். அதிகம் வெட்டியதால் யாரும் கூடுதலாகப் பிழைத்துவிடவில்லை.

நம் ஊருக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் குடல் புற்றுநோயில் இறந்துபோனார். அதை முதலில் சீதபேதி என்றுதான் நினைத்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த வலியிலிருந்து முளைத்ததுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கியது. அடுத்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். நான் யோசித்துப் பார்த்தேன். அந்தத் தங்கை விஷயத்தில் கெடுத்தது, 'தெரியவில்லை' என்பது அல்ல. தெரியாததைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டதுதான். அது டேலி ஆகாத கணக்குக்கு ரெட்டைக் கோடு போட்ட கதை.

நான் இப்படிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, திருநகரில் அக்கா வேறு மாதிரி தயாராகிக்கொண்டிருந்தாள்.

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதினாள். 'மிஷின் மிதிக்க எத்தனை நாள் ஆகும்? பால்கனி கொடியில் துணி போடலாமா? ரத்த அழுத்தம் எந்தக் கையில் பார்க்கணும்?' ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கி, பக்கத்தில் எழுதிக்கொண்டாள். தோள் இறுகிப்போகாமல் இருக்க, சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொண்டாள். முன்பக்கம் ஊக்கு வைத்த, கை லூசான நாலு ஜாக்கெட் தைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே சேருகிற நீரை வடிக்க ஒரு ட்யூப் வைத்து, அதன் நுனியில் ஒரு பாட்டில் மாட்டுவார்கள். சில நாள் அதைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நர்ஸிடம் அந்த பாட்டிலைக் காட்டச் சொல்லி, இஞ்ச் டேப்பால் அளந்து வந்தாள். ஜாக்கெட் லைனிங் துணியில், தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி இரண்டு பை தைத்தாள்.

"ரெண்டு எதுக்குக்கா?"

"ஒண்ணைத் துவைச்சுப் போட்டா மாத்துக்கு வேணாமாடா?"

ரிசல்ட் வந்தது. ஹெர்-2 நெகட்டிவ். ஆபரேஷன் முதலில் என்பது முடிவானது. எம்.ஆர்.ஐ.யில் அதே மார்பில் தள்ளி இன்னொரு புள்ளி தெரிந்து, ஊசி போட்டுப் பார்த்ததில் அதுவும் புற்றுநோய்தான். அக்கா விஷயத்தில் கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, மார்பு முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார்கள். முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மார்பு வடிவம் செய்து தர முடியும், இரண்டு சர்ஜன்கள் சேர்ந்து செய்வார்கள் என்று டாக்டர் விளக்கினார். அக்கா இரண்டு ராத்திரி யோசித்தாள். "வேணும்ங்கறவங்களுக்கு அது நல்லதுதான். எனக்கு முதுகு குனிஞ்சு பொழைக்கிற பொழப்பு. வேண்டாம் டாக்டர்" என்று சொன்னாள். டாக்டர் வற்புறுத்தவில்லை.

நெறி? இரண்டாவது ஊசியில் புற்று செல் இல்லை என்று வந்தது. ஆனால், ஊசி பட்ட இடத்தில் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பக்கத்தில் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கட்டியிலிருந்து நோய் கிளம்பினால் முதலில் எந்த நெறிக்குப் போகுமோ, அந்தக் காவல்கார நெறியை மட்டும் நீலச் சாயம் செலுத்திக் கண்டுபிடிப்பார்கள். அதை எடுத்து, ஆபரேஷன் நடக்கும்போதே உறைய வைத்துப் பார்ப்பார்கள். அதில் இல்லை என்றால் மற்றதைத் தொடுவதில்லை. பெட்டி ஃபோர்டு காலத்தில் இருந்த அதே உறைய வைக்கிற முறைதான். ஆனால், இப்போது அக்காவுக்கு முன்கூட்டியே எல்லாம் சொல்லப்பட்டிருந்தது.

சம்மதப் படிவத்தில் 'தேவைப்பட்டால்... தேவைப்பட்டால்...' என்று நாலு இடத்தில் இருந்தது. மாமாவுக்குக் கை ஓடவில்லை. அக்கா பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு 'தேவைப்பட்டால்' என்பதற்கும் 'எப்போ தேவைப்படும்?' என்று கேட்டு, பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் நாங்கள் நின்ற நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன். நின்றவர்களுக்குத் தெரியும். டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார்: "மூணு நெறி எடுத்துப் பார்த்தோம். மூணுலயும் இல்ல. மத்ததை விட்டுட்டோம்."

கண் விழித்ததும் அக்கா மார்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டினாள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக் காதில் சொன்னாள்: "பாத்ரூம்ல நீலமா போகுதுடா! சாயப்பட்டறை மாதிரி இருக்கு." சிரித்தால் தையல் வலிக்கும் என்று நர்ஸ் வந்து அதட்டினார்.

இதோடு கதை முடிந்திருந்தால் ரெட்டைக் கோடு போட்டிருப்பேன். முடியவில்லை. பத்து நாள் கழித்து முழுப் பரிசோதனை அறிக்கை வந்தது. மூன்று நெறியில் ஒன்றில், 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு சின்னத் தடம். அவசரத்தில் உறைய வைத்துப் பார்க்கும்போது இப்படிப்பட்ட சின்னத் தடங்கள் சில சமயம் கண்ணுக்குத் தப்பிவிடும். எனக்கு மறுபடி வயிறு கலங்கியது. "அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

அக்காவுக்கு அதற்குள் என் வாத்தியார் கதையைச் சொல்லியிருந்தேன். "இதையும் ஒன் அனாமத்துல வையிடா. டாக்டருங்க கூடிப் பேசட்டும்" என்றாள்.

பேசினார்கள். இவ்வளவு சின்னத் தடத்துக்கு மறுபடி அக்குளைத் திறக்க வேண்டாம், கீமோ சில சுற்று, அதன் பிறகு தினம் ஒரு மாத்திரை, தொடர்ந்து கண்காணிப்பு என்று முடிவு செய்தார்கள். கீமோவில் முடி கொட்டியது. வாய்ப் புண் வந்தது. இரண்டு தடவை அக்கா அழுதாள், ஒரு தடவை என் முன்னாலேயே. கை வீங்கவில்லை. இனிமேலும் வீங்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நோய் திரும்பாது என்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அனாமத்தில் இன்னும் பாக்கி இருக்கிறது. அவள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு தாள் வந்தால், டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எது உறுதியாகத் தெரியும்? எது இன்னும் தெரியாது? தெரியாதது தெரிந்தால், நீங்கள் செய்யப்போவது மாறுமா? மாறும் என்றால் காத்திருங்கள். மாறாது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இதற்கு பி.காம். வேண்டியதில்லை, அக்கா ப்ளஸ் டூ.

போன வாரம் திருநகர் போயிருந்தேன். முன்னறையில் லைனிங் துணிப் பைகள் அடுக்கி வைத்திருந்தன. எண்ணிப் பார்த்தேன், 12. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாராம், ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க.

மேஜையில் அளவு நோட்டு திறந்து கிடந்தது. எல்லோருடைய அளவும் பேனாவில். ஒரு பக்கத்தில் மட்டும் பென்சில். மேலே அக்காவின் பெயர் இருந்தது.

"இது மட்டும் ஏன்க்கா பென்சில்ல?"

"மாறுதுல்லடா... மாறுனா அழிச்சிட்டு எழுதிக்கலாம்ல?" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.